டெல்பினா வீட்டில் முகம் வழிப்பவர்

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை விடியலில், எங்கள் தெருவின் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருந்த டெல்பினா, முந்தின சாயங்காலம் தானே தேய்த்துத் துடைத்து வெள்ளைத் துணிமேல் வைத்திருந்த பழைய சவர செட்டை எடுத்துப் பார்த்தபோது அது நனைந்திருந்தது. பிளேடு போட்டுத் திருகி மூடுகிற அந்தக் காலத்துச் செட்டு அது. அதன் பல்வரிசையில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது, நுரைக்குள் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிமுடி கிடந்தது. யாரோ அப்போதுதான் முகம் வழித்துவிட்டு, கழுவாமல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

டெல்பினா பயப்படவில்லை. வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. கொல்லைக் கதவைப் பார்த்தாள், அதுவும் அப்படியே இருந்தது. பிறகு இடுப்பில் கைவைத்து அந்தச் செட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வந்தது கோபம்தான்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. அம்மா செத்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அப்பாவும் மூன்று அண்ணன்மாரும் தின்ற தட்டு, குடித்த தம்ளர், அவிழ்த்துப் போட்ட சட்டை, வழித்துப் போட்ட செட்டு எல்லாம் அவள் கைக்குத்தான் வந்தது, அது போக முலாம் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருஷம் கோயில் மெழுகுத்திரித் தண்டுக்கும் பெரிய வீட்டுக் கதவுக் குமிழுக்கும் நிக்கல் பூசிக்கொண்டிருந்தாள், பட்டறையின் அமிலப் புகையில் நெஞ்சு கெட்டு டாக்டர் அங்கே போகக் கூடாது என்று சொன்ன அன்றைக்கு, பட்டறையை மட்டுமல்ல, அண்ணன் வீட்டையும் சேர்த்தே விட்டுவிட்டு இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். நாற்பத்தேழு வயதுப் பொம்பளைக்குத் தனிக்குடித்தனம் எதற்கு என்று நாங்கள் கேட்டோம். "என் வீட்டுத் தொட்டியில இன்னொருத்தரு எச்சித் தம்ளர் கெடக்கக் கூடாது. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

பிழைப்புக்கு அவள் எடுத்துக்கொண்டதும் கழுவுகிற வேலைதான், ஆனால் அது வேறு மாதிரி. பழைய சவர செட்டுகளைச் சேர்த்து வைக்கிற ஆட்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். கொச்சியிலிருந்தும் பூனாவிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் அவளுக்குத் தபாலில் டப்பா வரும், டப்பாவுக்குள் பெயரும் விலாசமும் எழுதி, தயவுசெய்து என்று ஒரு வார்த்தையும் எழுதியிருக்கும். மேசைமேல் மூன்று பேசின்கள் வைத்திருந்தாள். முதலாவதில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு நாற்பது வருஷ அழுக்கை இளக வைப்பாள்; இரண்டாவதில் தண்ணீர் கலந்த வினிகரில், கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்றே நிமிஷம், சுண்ணாம்பாய் இறுகிய சோப்பைக் கரைப்பாள்; பழைய பல் பிரஷ்ஷால் பல்லிடுக்கைத் தேய்த்து, பல்குத்தும் குச்சியால் கைப்பிடியின் ஒவ்வொரு வரிக்குள்ளும் இருக்கிற பச்சைக் களிம்பை நோண்டி எடுத்து, மூன்றாவது பேசின் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, திருகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவாள். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகுமே என்று சொல்கிறவர்களைப் பார்த்து, "ஆகும், முலாம் உரிஞ்சு பித்தளை பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும்" என்பாள். கடற்காற்றில் உப்பு வந்து உட்கார்வதற்குள் எண்ணெய்த் தாளில் சுற்றி அனுப்பிவிடுவாள். வந்தது, சுத்தமானது, போனது. ஒரு செட்டும் மறுநாள் திரும்ப அழுக்காகி அவள் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை.

இது உட்கார்ந்தது. தென்காசியில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற குற்றாலலிங்கம் அனுப்பிய செட்டு அது. அவருடைய அப்பா சிலோன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது வாங்கியதாம். ஆவணியில் தனக்கு அறுபதாம் கல்யாணம், அன்றைக்குக் காலையில் அப்பா செட்டால் முகம் வழித்துக்கொண்டு மணையில் உட்கார வேண்டும் என்று ஆசை, என்று எழுதியிருந்தார். நாலு நாள் பாடுபட்டு அவள் அதைத் துலக்கியிருந்தாள்.

திரும்பவும் கழுவினாள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது மறுபடி நுரையும் முடியுமாக இருந்தது. அன்று அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சனிக்கிழமை, பீரோவுக்குள் இருந்த அவளுடைய ஒரே பட்டுச்சேலையின் மடிப்பில் நுரை வழிந்து கறை பிடித்திருந்தது. அன்று அதைக் குக்கருக்குள் போட்டு மூடி வெயிட்டையும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்ததும் எங்கள் கடைகளில் விற்காத ஏதோ ஒரு சோப்பின் வாசனை அடுப்படி முழுவதும் பரவியது. பூசைக்குப் போகிற வழியில் அவள் மூன்று வீடு தள்ளியிருந்த மதலேன் மைனியிடம், மூத்த அண்ணன் ரெமிஜியுஸின் பெண்சாதியிடம், நடந்ததைச் சொன்னாள்.

மைனி முழுவதையும் கேட்டுவிட்டு, "முடி எப்படி இருக்கு?" என்றாள்.

"எப்படின்னா?"

"கறுப்பா வெள்ளையா?"

"ரெண்டும் கலந்துதான் கெடக்கு."

"அப்போ அம்பது, அம்பத்திரண்டு இருக்கும். ஒனக்குத் தோதான வயசுதான்."

"மைனி, நான் வயசைப் பத்தியா பேசுறேன்? ஒரு செட்டை நாலாவது தடவை கழுவப்போறேன், வேற வேலை ஓடமாட்டேங்குது."

"தெனமுமா வழிக்காரு?"

"தெனமும்தான்."

"ஒங்க அண்ணன் ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும்தான்" என்று மைனி பெருமூச்சு விட்டாள்.

அன்று மத்தியானத்துக்குள் டெல்பினா வீட்டில் தினமும் ஓர் ஆள் முகம் வழிக்கிறார் என்பது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் கண்ணுக்கும் தெரியாத ஆள் எப்படி வழிக்கிறார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது எங்களுக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இருந்தன. டீக்கடையில், தினமும் முகம் வழிக்கிற ஆள் பொறுப்பான ஆளாகத்தான் இருப்பார், ஆபீஸ் உத்தியோகமாக இருக்கும் என்று பேசி முடிவுசெய்தார்கள். எதிர்வீட்டுக்காரி, வழித்த பிறகு தடவிக்கொள்ளட்டும் என்று ஒரு படிகாரக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேறொருத்தி, ஆம்பளைக்கு இவ்வளவு சின்னக் கண்ணாடி எப்படிப் போதும் என்று தன் வீட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். மீன்காரி விளைமீனில் இரண்டு துண்டு கூடப் போட்டு, வேண்டாம் என்ற டெல்பினாவிடம், "ஆம்பளை இருக்க வீடு, கொறச்சலா வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பங்குச் சாமியார் குடும்பப் பதிவேட்டோடு வந்தார். "இதப் பாவம்னு நான் சொல்லல, டெல்பினா. ஆனா வீட்டுல ஒரு ஆளு இருந்தா பதிவேட்டுல இருக்கணும். பேரு என்ன?"

"தெரியாது, சாமி."

"ஞானஸ்நானம் எந்தப் பங்குல?"

"சாமி, அவரு யாருன்னே தெரியாதுங்கிறேன்."

சாமியார் யோசித்தார். பிறகு அவள் பெயருக்குக் கீழே, 'ஒருவர், சவரம் செய்பவர்' என்று பென்சிலால் எழுதினார். பெயர் தெரிந்த பிறகு மையால் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

ரெமிஜியுஸ் அண்ணனுக்கு மட்டும் ஆரம்பத்தில் கோபம் வந்தது. தங்கச்சி வீட்டுக்குள் யாரடா நீ என்று கேட்டே தீருவது என்று ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, செட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பதுக்கு ஒருமுறை கண்ணைக் கொட்டினார். கொட்டித் திறந்த கண்ணுக்கு முன்னால் செட்டு நுரையும் முடியுமாகக் கிடந்தது, நுரையில் ஒரு குமிழி அப்போதுதான் உடைந்தது. அண்ணன் எழுந்தார், மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார், "நல்லா இருக்கியளா மச்சான்" என்று அந்த மேசையைப் பார்த்துச் சொன்னார். மறுநாளிலிருந்து காலையில் பேப்பரைக் கொண்டுவந்து மச்சான் படிக்கட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார், சாயங்காலம் எடுத்துப்போகும்போது, மடிப்பு வேறு மாதிரி இருக்கிறது, படித்திருக்கிறார், என்று எங்களிடம் சொன்னார்.

இப்படி ஆளாளுக்கு அந்த மனிதருக்கு வயதும் உத்தியோகமும் உறவுமுறையும் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் டெல்பினா தினமும் காலையில் அந்த நுரையை அலசினாள், முடியைத் தட்டினாள், பல்லிடுக்கைத் தேய்த்தாள், துடைத்து வைத்தாள், மறுநாள் மறுபடி அலசினாள். ராஜ்கோட்டிலிருந்து வந்த டப்பா பிரிக்காமல் கிடந்தது. கொடியேற்றம் வந்தது, போனது. தேர் வந்தது, நிலைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் இரண்டையும் பார்க்கவில்லை. ஒரு நாள் குழாயடியில் நாலைந்து பேர் நின்று, அவர் மலையாளத்து ஆளா சிலோன் ஆளா என்று வாதாடிக்கொண்டிருந்தபோது அவள் குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அவரு யாரு யாருன்னு கேக்கியளே, அவரு வழிச்சுப் போட்டத யாரு கழுவுறான்னு ஒருத்தராவது கேட்டியளா?"

எதிர்வீட்டுக்காரி உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "அதுக்கென்னட்டி? ஒனக்குத்தான் அந்த வேலை தெரியுமே."

டெல்பினா பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

குற்றாலலிங்கத்துக்கு அவள் போனில் உண்மையைச் சொன்னாள். தாமதத்துக்கு ஒரு பொய்க் காரணம் தேடுகிற தெம்புகூட அப்போது அவளுக்கு இல்லை. 

"எந்தக் கன்னத்துல ஆரம்பிக்காங்க, தெரியுமாம்மா?" என்றார் குற்றாலலிங்கம்.

"நான் பாக்கலய்யா. யாரும் பாக்க முடியல."

"எங்கப்பா வலது பக்கந்தான் ஆரம்பிப்பாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வழிச்சு முடிச்சதும் நுரையை எடுத்து என் மூக்குல வைப்பாங்க." அவர் குரல் உடைந்தது. "அந்த முடியக் கொஞ்சம் ஒரு கவர்ல போட்டு அனுப்புவியாம்மா?"

அனுப்பினாள். முடியை அலசி உலர்த்தி, தாளில் மடித்து, கவரில் போட்டு ஒட்டும்போது, இந்த வேலையும் எனக்குத்தானா என்று எரிச்சலாக இருந்தது, ஆனாலும் ஒரு முடிகூடச் சிந்தாமல் பார்த்துக்கொண்டாள். கவர் கிடைத்த மறுநாளே குற்றாலலிங்கம் பஸ் ஏறி வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா. அவள் செட்டைக் கழுவித் துடைத்து எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுத்ததும் அதைக் கும்பிட்டு வாங்கினார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, "தென்காசிக்குப் போறோம்ப்பா" என்று தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். ரெமிஜியுஸ் அண்ணன் பஸ் நிலையம்வரை போய், மச்சானை வழியனுப்பிவிட்டுக் கலங்கிய கண்ணோடு வந்தார்.

அன்று சாயங்காலம் டெல்பினா வீட்டைக் கழுவிவிட்டாள். பேசின்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போன் அடித்தது.

"சுத்தமா இருக்கும்மா" என்றார் குற்றாலலிங்கம். "கண்ணாடி முன்னால வச்சிருந்தேன். தண்ணி வச்சிருந்தேன், துண்டு வச்சிருந்தேன். செட்டு நீ குடுத்த மாதிரியே இருக்கு. ஒரு முடி இல்ல."

டெல்பினா அந்த நேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தது பூனாக்காரருடைய செட்டை; கைப்பிடியைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கிற வகை; திறந்திருந்த அந்த இரண்டு கதவிலும் நுரை வழிந்துகொண்டிருந்தது.

"அங்க ஏதும் உண்டுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

அவள் நுரையைப் பார்த்தாள். அறுபது வயதில், அப்பா தன் மூக்கில் நுரை வைப்பார் என்று காலை ஐந்து மணிக்கே கண்ணாடி முன்னால் போய் நின்ற ஒருவரை நினைத்தாள்.

"இங்கயும் ஒண்ணுமில்லய்யா. ஒங்கள வரவச்சுப் பாக்கத்தான் இருந்தாங்க போல. பாத்தாச்சு, போயிட்டாங்க."

"அப்படியா சொல்லுத?" என்றார் அவர். "அப்படித்தான் இருக்கும். நான் வந்தேம்லா, பாத்துட்டாங்க." போனை வைக்கும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. டெல்பினாவுக்குத்தான் இல்லை. அந்த ஆள் செட்டோடு வந்தவர் இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. அவர் எந்தச் செட்டுக்கும் சொந்தக்காரர் இல்லை. அவர் இந்த வீட்டில் இருக்கிறார், எது கையில் கிடைக்கிறதோ அதால் வழிப்பார், கழுவமாட்டார்.

அவள் பதினாலு செட்டையும் பிஸ்கட் டின்னில் அள்ளிப் போட்டு, பிரிக்காத ராஜ்கோட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய் மைனி வீட்டில் வைத்தாள். வழிக்க ஒன்றும் இல்லாவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும். மறுநாள் காலையில் வீட்டில் ஒரு செட்டும் இல்லை. அவள் நிம்மதியாக எழுந்து, வெங்காயம் அரிய அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரிவாள்மனையின் அலகில் மேலிருந்து கீழ்வரை சோப்பு நுரை இருந்தது, முடி இருந்தது, நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சொட்டு ரத்தமும் இருந்தது.

டெல்பினா வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். கோபத்தில் அழுதாளா, பாவப்பட்டு அழுதாளா என்று கேட்டதற்கு, "கோவந்தான். அரிவாமனையில மூஞ்சிய வழிக்கிற ஆள நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். ஆனால் நுரையைத் தொடுவதற்கு முன்னால் அந்த ரத்தத்தைத்தான் முதலில் துடைத்தாள் என்பதையும் அவளேதான் சொன்னாள்.

அன்று அவள் மைனி வீட்டிலிருந்து டின்னையும் டப்பாவையும் திருப்பி எடுத்துவந்தாள். யாரும் கேட்டு வாங்காமல் கிடந்த ஒரு சாதாரணப் பித்தளைச் செட்டைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை, ஒரே ஒருமுறை, மூன்று பேசினிலும் போட்டுச் சுத்தமாக்கினாள். குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியடித்து அதை மாட்டினாள். கீழே பலகையில் ஒரு பாக்கெட் பிளேடு, ஒரு கிண்ணம், ஒரு பழைய பல் பிரஷ் வைத்தாள். பிறகு யாரும் இல்லாத அந்தக் குளியலறையைப் பார்த்து, பட்டறையில் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய குரலில் பேசினாள்.

"இங்க பாரும். இது ஒமக்கு. மேசை மேல இருக்கது எல்லாம் ஊரார் சாமான், அதத் தொடக் கூடாது. என் சமையல் சாமானத் தொடக் கூடாது. எங்க இருந்து வந்தீரு, ஏன் வந்தீருன்னு நான் கேக்கல. இருக்கணும்னா இரும். ஆனா வழிச்சது நீரு, கழுவ வேண்டியதும் நீருதான். நான் தொடமாட்டேன். செத்தாலும் தொடமாட்டேன்."

மறுநாள் மேசைமேல் மற்ற பதிமூன்று செட்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. குளியலறை ஆணியில் பித்தளைச் செட்டு நனைந்து, நுரையும் முடியுமாகத் தொங்கியது. அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பல் தேய்த்தாள்.

இரண்டாம் நாள் பழைய நுரை காய்ந்ததன்மேல் புது நுரை படிந்தது. ஐந்தாம் நாள் பல்லிடுக்கு அடைத்துக்கொண்டது. பத்தாம் நாள் பிளேடு துருவேறிச் சிவப்புத் தண்ணீர் சுவரில் கோடு போட்டது. பதினைந்தாம் நாள் செட்டின் தலை, பாறையில் ஒட்டின சிப்பிபோல ஒரே கட்டியாக ஆகிவிட்டது. முகம் வழிக்கிறவரோ ஐந்து நாற்பதுக்கு வழித்துக்கொண்டுதான் இருந்தார். குளியலறைத் தொட்டியின் ஓரத்தில் தினமும் இரண்டு மூன்று ரத்தப் பொட்டுகள் தெரிந்தன. டெல்பினாவுக்கு அது எளிதாக இருக்கவில்லை. குளியலறைக்குப் போகும்போதெல்லாம், வெந்நீரில் இருபது நிமிஷம், வினிகரில் மூன்று நிமிஷம், அவ்வளவுதானே என்று கை தானாக நீளும். முப்பத்தைந்து வருஷம் பழகின கை. அதை இன்னொரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வருவாள். ராஜ்கோட் டப்பாவைப் பிரித்து அந்த ஆத்திரத்தையெல்லாம் அதில் காட்டினாள், அந்தச் செட்டுகள் இதுவரை இல்லாத அளவுக்கு மின்னின.

கண்ணுக்குத் தெரியாத ஆளை ஒரே மத்தியானத்தில் ஏற்றுக்கொண்ட எங்கள் தெருவுக்கு, இந்தக் கழுவாத செட்டை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் மூக்கில் கைவைத்தார்கள். ஒரு ஆம்பளையை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படியா என்றார்கள். படிகாரம் கொடுத்தவள் படிகாரத்தைத் திருப்பிக் கேட்டாள். மீன்காரி கூடுதல் துண்டு போடுவதை நிறுத்தினாள். ரெமிஜியுஸ் அண்ணன் குளியலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, முகம் சிவந்து வெளியே வந்தார்.

"மச்சானுக்கு ஒரு மரியாத வேண்டாமாட்டி? மனுஷன் எதால மொகம் வழிப்பாரு?"

"பிரஷ் வச்சிருக்கேன், கிண்ணம் வச்சிருக்கேன், தண்ணி இருக்கு. கழுவிட்டு வழிக்கட்டும்."

"ஆம்பளைக்கு அதெல்லாம் தெரியுமா? ஒனக்கு முடியலன்னா சொல்லு, ஒங்க மைனி தெனமும் வந்து கழுவிட்டுப் போவா."

டெல்பினா மைனியைப் பார்த்தாள். மைனி, கூப்பிட்டால் போக வேண்டியதுதான் என்கிற மாதிரி, சேலைத்தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"யாரும் தொடக் கூடாது" என்றாள் டெல்பினா.

மறுநாள் அவள் தபாலாபீஸுக்குப் போய்விட்டு வந்தபோது, குளியலறைக்குள் மைனி குனிந்து நின்று, செட்டைக் கிண்ணத்தில் ஊறப்போட்டு, பிரஷ்ஷைக் கையில் எடுத்திருந்தாள். டெல்பினா கிண்ணத்தை வாங்கித் தண்ணீரைக் கொட்டி, ஊறி இளக ஆரம்பித்திருந்த செட்டை அப்படியே ஆணியில் மாட்டினாள்.

"பாவம்டி. மொகம் எரியும்லா" என்றாள் மைனி.

"எரியட்டும்."

"நீ இப்படிக் கல்லா இருப்பன்னு நெனைக்கல."

"மைனி, ஒங்க வீட்டுல அண்ணன் வழிச்சதும் செட்டை யாரு கழுவுறா?"

"நாந்தான்."

"கல்யாணமாகி எத்தன வருஷம்?"

மைனி யோசித்தாள். "மாசி வந்தா முப்பத்திமூணு."

"ஒரு நாளாவது, இது என் மொகத்து முடி இல்லயேன்னு தோணியிருக்கா?"

மைனி கையிலிருந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்; அதன் மயிரில் அந்த ஆளுடைய முடி இரண்டு ஒட்டியிருந்தது; அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, பிரஷ்ஷைப் பலகையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெமிஜியுஸ் அண்ணன் பூசைக்கு வந்தபோது அவருடைய இடது கன்னம் பாதி வழித்து, பாதி சொரசொரவென்று கிடந்தது, தாடையில் பேப்பர்த் துண்டு ஒட்டியிருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படி மூன்று பேர் வந்தார்கள். சாமியார் பிரசங்கத்தில், அயலாருடைய குறைகளை உற்றுப்பார்க்கக் கூடாது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்.

டெல்பினாவின் வீட்டில் ஆணியில் செட்டு மாட்டிய முப்பத்தோராவது நாள் விடிந்தது. அவள் விழித்துப் படுத்திருந்தாள். ஐந்து நாற்பது ஆனது. வழக்கம்போல எந்தச் சத்தமும் இல்லை. பிறகு குளியலறையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

இத்தனை நாளில் அவரிடமிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். டெல்பினா எழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கிண்ணம் பலகையில் இடித்தது. பிரஷ் தேய்கிற சத்தம் வந்தது, கரகரவென்று, தப்பான சத்தம். நுனியால் தேய்க்காமல் அழுத்தித் தேய்க்கிறார். காய்ந்த சோப்பை முதலில் ஊறவிட வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை. ஏதோ ஒன்று கைநழுவித் தரையில் விழுந்து உருண்டது. கொஞ்சம் மௌனம். பிறகு மறுபடி கரகரவென்று தேய்த்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, எங்கள் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர், மாடித் தொட்டியில் அரைக்கால் பங்குதான் கிடந்த தண்ணீர், நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் பொறுத்துப் பார்த்தாள். பாயில் புரண்டு படுத்துப் பார்த்தாள். தொட்டிக்குள் தண்ணீர் அடியைத் தட்டுகிற சத்தம் கேட்டதும் முடியவில்லை.

"குழாய மூடும்வே!" என்று படுத்தபடியே கத்தினாள்.

குழாய் நின்றது.

அவள் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு குளியலறைக்குப் போனாள். தரை முழுக்கத் தண்ணீர். பிரஷ் மூலையில் மல்லாந்து கிடந்தது. பித்தளைச் செட்டு ஆணியில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது; பாதிக்கு மேல் கட்டி உதிர்ந்து, நடுவில் பித்தளை தெரிந்தது; மேல்தட்டைத் தலைகீழாக வைத்துத் திருகியிருந்தார்; திருகின் வரிகளுக்குள் இன்னும் முடி இருந்தது. டெல்பினா அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"வெந்நி வச்சு ஊறப்போடணும்" என்றாள் சுவரைப் பார்த்து. "தட்டு தலைகீழா இருக்கு. நாளைக்கு அதச் சரியா மாட்டும்."

பிறகு துடைப்பத்தை எடுத்து அந்தக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு, தரைத் தண்ணீரைத் தான் தள்ளாமல், தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, கொச்சியிலிருந்து வந்த டப்பாவைப் பிரித்தாள்.